வால்வக்காவும் இரண்டாவது பம்பும்

அட்டை மில்லில் அவளுக்கு வால்வக்கா என்றுதான் பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பம்பு ரூமில் ஒரு பெரிய தண்ணீர்க் குழாய், அதன் மேல் லாரி ஸ்டியரிங் அளவுக்கு ஒரு சக்கரம். ஒரு பக்கம் திருகினால் வால்வு மூடும், மறுபக்கம் திருகினால் திறக்கும். பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்கிற மிஷினுக்குத் தண்ணீர் கூடாமலும் குறையாமலும் போகும்படி அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. மிஷின் ஹாலிலிருந்து போன் வரும். "அக்கா, தண்ணி ஜாஸ்தி" என்பார்கள். கொஞ்சம் மூடுவாள். மூச்சு விடுவதற்குள் மறுபடி போன். "அக்கா, இப்ப கம்மி" என்பார்கள். "உங்களுக்கெல்லாம் ஒரு நிலையில நிக்கவே தெரியாதா?" என்று ஒரு திட்டு விட்டுத்தான் போனை வைப்பாள். வாய் சும்மா இருக்காது, கை அதைவிடச் சும்மா இருக்காது.

அந்த ரூமின் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பெரிய பம்புகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இரண்டும் சேர்ந்து மூச்சு முட்டத் தள்ளுகிற தண்ணீரை அந்த ஒரே வால்வு கழுத்தைப் பிடித்து நிறுத்தும். அப்போது குழாய்க்குள் யாரோ கூழாங்கல்லை அள்ளிப் போட்டு உருட்டுவது போல ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதோடு காதைக் கிழிக்கிற கீச்சு வேறு. அங்கே பேச்சு என்பதே கிடையாது. கை ஜாடை, அல்லது காதோரம் வந்து கத்தல். வால்வக்காவின் தொண்டை பெரிதானது அப்படித்தான். வீட்டில் மெதுவாகப் பேசிப் பார்த்தால் அவளுக்கே அது வேறு யாரோ பேசுவது போல இருக்கும்.

இத்தனை சத்தமும் எதற்கு என்றால், ஒன்றுக்கும் இல்லை. ஒரு காலத்தில் மில்லில் இரண்டு மிஷின்கள் ஓடின. மிஷினுக்கு ஒன்றாக இரண்டு பம்புகள் வாங்கினார்கள், அது நியாயம். பிறகு ஒரு மிஷினை விற்றுவிட்டார்கள். அதைக் கழற்றி, லாரியில் ஏற்றி, கையசைத்து அனுப்பியும் ஆயிற்று. அதற்குத் தண்ணீர் கொடுத்த பம்பு மட்டும் யார் நினைவிலும் வரவில்லை. தண்ணீர் அதிகமாக வருகிறதே என்றார் ஒருவர். வால்வைக் கொஞ்சம் மூடு என்றார் இன்னொருவர். மூடினார்கள். அந்தக் கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டது. ஏனப்பா இவ்வளவு தள்ளிவிட்டு மறுபடி நாமே அடைக்கிறோம் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. வால்வக்காவும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்காரர் அதே மில்லில் பாய்லர்காரர். நிலக்கரி எரித்து நீராவி எழுப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. அந்த நீராவியில்தான் ஈர அட்டை காய வேண்டும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. அதனால் அவர் காலை ஷிப்ட், இவள் மாலை ஷிப்ட் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசலில் நின்று பிள்ளையை அவர் தோளில் மாற்றிப் போட்டுவிட்டு இவள் உள்ளே ஓடுவாள். பிள்ளை வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டது. ஷிப்ட் மட்டும் மாறவேயில்லை. இப்போது வாசலில் கைமாறுவது வீட்டுச் சாவி. ஒரே சாவிதான். இவள் பூட்டிக்கொண்டு வருவாள், அவர் வாங்கிக்கொண்டு போவார். "காஸ் தீர்ந்துருச்சு", "பொண்ணு போன் பண்ணா", "பஸ் வந்துருச்சு." அதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

"புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை முடிஞ்சுதா? கேட்ட மூடலாமா?" என்று வாட்ச்மேன் கிண்டலடிப்பார்.

ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? எனக்கு நீ வேண்டும் என்று இந்த வயதில் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று இவளுக்குக் கூச்சம். அவரோ வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு பிறந்தவர். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த நிலையில்தான் மீட்டர் மேடம் வந்து சேர்ந்தார். கரண்டுச் செலவு கழுத்தை நெரிக்கிறது, எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என மில்காரர்கள் வரவழைத்த இன்ஜினியர் அம்மா. நடுவயது, தட்டைச் செருப்பு, தோளில் ஒரு கனத்த பை. பை நிறைய மீட்டர்கள். கேபிளைக் கவ்விப் பிடிக்கிற மீட்டர், குழாயின் மேல் ஒட்டவைத்துத் தண்ணீரின் வேகம் பார்க்கிற மீட்டர். பம்பு ரூமுக்குள் வந்து அரைநாள் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். பிறகு வால்வக்காவின் காதருகே வந்து கத்தினார்.

"ரெண்டு பம்பு சேர்ந்து தள்ளுது, நீங்க ஒருத்தங்க நின்னு தடுக்கறீங்க. பாதி கரண்டு இந்த வால்வுலயே செத்துப்போகுது."

வால்வக்காவுக்குச் சுருக்கென்றது. "அப்ப இத்தனை வருஷமா நான் பண்ணது?"

"நீங்க சரியாத்தான் பண்ணீங்க. இங்க ஒரு பம்புதான் அதிகம்."

மேடம் அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து பொறுமையாக விளக்கினார். ஒரு பம்பை நிறுத்திவிட்டு வால்வை முழுசாகத் திறந்துவிட்டால், மிஷினுக்கு வேண்டிய தண்ணீர் அந்த ஒரு பம்பிலேயே தாராளமாகப் போகும். அதன் பிறகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எந்த ஷிப்டிலும் ஆள் வேண்டாம். "கிரீஸ் போட, பேரிங் பாக்க, பகல்ல ஒரு ஆள் இருந்தா போதும். மத்தவங்கள மிஷின் ஹாலுக்கு எடுத்துக்கறதா மேனேஜர் சொல்றார். நீங்கதான் சீனியர். காலை ஷிப்ட் உங்களுக்குத்தான் வரும்."

காலை ஷிப்ட். வால்வக்கா அதற்குப் பிறகு மேடம் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. அவரோடு ஒரே பஸ்ஸில் போகலாம், ஒரே பஸ்ஸில் திரும்பலாம். சாயங்காலம் வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். இதைவிடப் பெரிதாக அவளுக்கு இனி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்று வேலை முடியும்வரை அவள் போனில் ஒருவரையும் திட்டவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று மிஷின் ஹாலில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் வாசலில் சாவியைக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். தரையைப் பார்த்தார். "எதுக்கு வம்பு? ரெண்டும் ஓடிட்டுத்தானே இருக்கு" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மனுஷன் ஒரு வார்த்தை, 'அப்படியா, நல்லதாப் போச்சு' என்று சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? வால்வக்காவுக்கு உள்ளே ஏதோ இறங்கிப் போனது. அன்று போன் செய்தவர்கள் எல்லோரும் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு காலை நேரத்தைக் குறித்தார்கள். அன்றைக்கு மட்டும் வால்வக்காவைக் காலையில் வரச் சொன்னார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பாய்லர் ரூமில் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் பம்பு ரூமில் இவள். அதிசயமாக இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை. மேடம் தலையசைத்ததும் இரண்டாவது பம்பின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அதன் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. பிறகு சக்கரத்தை, மேடம் மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நிதானமாகத் திறந்துகொண்டே போனாள். கூழாங்கல் சத்தம் குறைந்தது. கீச்சு நின்றது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பம்பின் முனகல்தான். அந்த ரூமுக்குள் மேடம் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"உங்க செருப்பு இப்படியா சத்தம் போடும்?" என்றாள் வால்வக்கா.

"உங்க குரல் இவ்வளவு பெருசான்னு நானும் இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மேடம். இரண்டு பேரும் வாசலில் போய் நின்று சிரித்தார்கள். பிரஷர் காட்டுகிற முள் அசையாமல் நின்றது. ஓடுகிற மோட்டாரும் அளவுக்கு மீறிக் கரண்டு இழுக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மிஷின் ஹாலில் மணி அடித்தது. அட்டை அறுந்துவிட்டது. நீராவி இறங்கிப்போய், உருளைகள் சூடு தணிந்து, காயாத அட்டை கிழிந்து கூழாகச் சுருண்டு கிடக்கிறது என்றார்கள். மேனேஜர் பம்பு ரூமுக்கே வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அங்கிருந்த போனை எடுத்துப் பாய்லர் ரூமைக் கூப்பிட்டார்.

"ஸ்டீம் ஏன்யா இறங்குச்சு? ... தீய நிறுத்திட்டியா? ஏன், தண்ணி பத்தலையா?"

ரூம் அமைதியாக இருந்ததால் போனின் மறுபக்கத்திலிருந்து வந்தது வால்வக்காவுக்கும் கேட்டது. அவள் புருஷன் தொண்டையைக் கனைத்தார். பிறகு "ம்" என்றார்.

"கேட்டீங்கல்ல?" என்று மேனேஜர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "பாய்லருக்கே தண்ணி போகல. நல்ல வேளை, அவரு சுதாரிச்சு தீய நிறுத்தினாரு. ரெண்டு பம்பையும் போடுங்க. இந்த விளையாட்டெல்லாம் நம்ம மில்லுக்கு ஒத்துவராது."

"சார், முள்ளு அசையவே இல்லையே" என்றார் மேடம்.

"அட்டை அறுந்துருச்சே" என்றார் மேனேஜர். வால்வக்கா பொத்தானை அமுக்கினாள். சத்தம் திரும்பி வந்து ரூமை நிறைத்தது. மேடம் மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். நாளை சாயங்காலம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வால்வக்கா முட்டாள் இல்லை. மிஷினுக்கும் பாய்லருக்கும் ஒரே குழாயிலிருந்துதான் தண்ணீர் போகிறது. முள் அசையவில்லையென்றால் பாய்லருக்கும் தண்ணீர் போயிருக்கிறது. அப்படியானால் அந்த "ம்" பொய். கல்யாணமான நாளிலிருந்து பொய் சொல்லத் தெரியாத மனுஷன், முதல்முதலாக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எதற்கு? நான் சாயங்காலம் வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு. அவளுக்கு இப்படித்தான் கணக்கு வந்தது. அன்று வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், இவள் துணியை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பழையபடி மாலை ஷிப்ட். ஆனால் அவள் எப்போதும் வருகிற வாசலுக்குப் போகவில்லை. பின்னால் லாரிகள் நுழைகிற கேட் வழியாக உள்ளே போய்விட்டாள், சாவியோடு. வெளியே நிற்கட்டும். பூட்டின வீட்டுக்கு முன்னால் போய் நின்றால்தான் ஒரு ஆளின் அருமை தெரியும்.

ஷிப்ட் தொடங்கிச் சற்று நேரத்தில் பம்பு ரூம் வாசலில் நிழல் விழுந்தது. பாய்லர்காரர். இத்தனை வருஷ வேலையில் அவர் அந்த ரூமுக்குள் காலெடுத்து வைத்தவர் இல்லை. உள்ளே வந்து, சத்தம் தாங்காமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகையை நீட்டினார். வால்வக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆள் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் வாய் அசைகிறது. ஒரு எழுத்து கேட்கவில்லை.

"என்ன?" என்று கத்தினாள்.

மறுபடி வாய் அசைந்தது. பாய்லர்காரருக்குக் கத்தத் தெரியாது. கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்த்தார், பம்புச் சத்தம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. கண் கலங்கியிருந்தது.

வால்வக்காவுக்கு வந்ததே கோபம், அது புருஷன் மேல் இல்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவை தானாக வந்து வாயைத் திறந்திருக்கிறார், அதைக் கேட்க விடாமல் இந்தச் சனியன் கூச்சல் போடுகிறதே! போய்ப் பளீரென்று சிவப்புப் பொத்தானை அடித்தாள். இரண்டாவது பம்பு நின்றது. நேற்று மேடம் சொன்னபடியே நிதானமாகச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வால்வை முழுக்கத் திறந்தாள். ரூம் அடங்கியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க."

"தண்ணி இருந்துச்சு" என்றார்.

"அது எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு தீய நிறுத்துனீங்க?"

"சத்தம் நின்னுபோச்சு." அவர் சாவியை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாள் பூரா கேட்டுட்டே இருக்கற சத்தம். திடீர்னு இல்ல. சோதனை பண்றாங்கன்னு தெரியும், ஆனா சத்தமே போயிரும்னு யாரும் சொல்லல. குழாய் வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நீ உள்ள இருக்க. தண்ணி இருக்கா இல்லையான்னு காட்ட பாய்லர்ல ஒரு கண்ணாடி இருக்கு, அதக்கூட பாக்கல. தீய நிறுத்திட்டு முற்றத்துக்கு ஓடியாந்தேன். பாத்தா, நீ அந்த மேடத்தோட நின்னு சிரிச்சுட்டிருக்க."

வால்வக்கா அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"திரும்பி ஓடிப் போய் தீயப் பத்தவச்சேன். அதுக்குள்ள ஸ்டீம் இறங்கிருச்சு. மேனேஜர் தண்ணி பத்தலையான்னு கேட்டார். பொண்டாட்டிக்கு என்ன ஆச்சோன்னு பயந்து, கண்ணாடியக்கூட பாக்காம தீய நிறுத்தினேன்னு எப்படிச் சொல்றது? நேத்து சேர்ந்த ஆளுகூட அப்படிப் பண்ணமாட்டான். அதான், 'ம்'னுட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அப்ப அன்னிக்கு எதுக்கு வம்புன்னீங்களே, அது?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ தினம் சாயங்காலம் வீட்ல இருந்தா, உன்கிட்ட என்ன பேசறதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணல. ஒரு வாரத்துல உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

"அட, கூறுகெட்ட மனுஷா" என்றாள் வால்வக்கா. புருஷனை அப்படி அவள் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் இருந்த கிரீஸ் கறையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். அது போகவில்லை, இன்னும் பரவியதுதான் மிச்சம்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, வாசலில் மிஷின் ஹால்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எல்லாம் சரியாத்தானே இருக்கு? இவ்வளவு நேரமா உங்கள கூப்பிட வேலையே வரல. தண்ணி பாட்டுக்கு சீரா வந்துட்டிருக்கு. என்னமோ ஏதோன்னு பாக்க வந்தேன்."

அப்போதுதான் இருவரும் நின்று கிடந்த பம்பைப் பார்த்தார்கள். வால்வக்காவுக்குத் திடீரென்று உறைத்தது. யாரிடமும் கேட்காமல் நிறுத்தியிருக்கிறாள். ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானில் கையை வைத்தாள்.

"போடாத" என்றார் பாய்லர்காரர். "அப்படியே இருக்கட்டும். மேடம் கிளம்பறதுக்குள்ள நான் மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"மெமோ குடுப்பாரு."

"குடுக்கட்டும்."

போனார், சொன்னார். மேனேஜர் அன்று கத்தியது முற்றம் முழுக்கக் கேட்டது. மெமோவும் வந்தது, பாய்லர்காரரின் வேலைக்காலத்தில் அதுதான் முதல் மெமோ. மில் முழுக்கச் சிரித்தார்கள் என்பதும் உண்மைதான். பெண்டாட்டி சத்தம் கேட்காவிட்டால் தீயை அணைக்கிற ஆள் என்று கொஞ்ச நாள் அவரைக் கலாய்த்தார்கள். மேடம் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி பையைத் திறந்தார். ஒரு பம்பிலேயே அட்டை அறுபடாமல் ஓடுவதை மேனேஜரே நின்று பார்த்தார். இரண்டாவது பம்பின் கேபிளைக் கழற்றிவிட்டார்கள். மோட்டாரை அசையாமல் நிறுத்தி ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். வால்வக்காவுக்குக் காலை ஷிப்ட் வந்தது.

முதல் நாள் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தில் அவர் முன்னால், இவள் பின்னால், பேச ஒன்றும் வாய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் காய் நறுக்கிக் கொடுத்தார், இவள் சமைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் பயந்தது போலவே பேச்சு வரவில்லை. அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, உப்பு இல்லையா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?"

அவர் தயங்கினார். "நீ வரும்போது நான் தூங்கிருவேன். நான் கிளம்பும்போது நீ தூங்கிட்டிருப்ப. உன் பக்கத்துல ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுத்தான் தினம் போவேன். அதனால நான் அதிகமா பாத்ததெல்லாம் உன் தூங்கற முகந்தான். அதுக்கு வயசே ஆகல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "முழிச்சிருக்கற முகத்துக்கு இவ்வளவு வயசாயிருச்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

வால்வக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். தினமும் காலையில் ஒரு ஆள் தன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறாள். எழுந்து பாத்திரத்தை எடுத்து வந்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"சாப்பிடுங்க" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். "நாளைக்கும் இந்நேரம் இங்கதான் இருப்பேன். மிச்சத்த அப்ப பாருங்க."